ஜெபக்குறிப்பில் ஒரு பெயர்

டண்டினொங்
அவுஸ்திரேலியா
14 யூன் 1976

அன்புள்ள பியற்றிஸ் அக்காவுக்கு,

எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் தம்பி எட்வின்தான் எழுதுகிறேன், இடது கையால். கரும்பலகையில் அச்சுப்போல எழுதுவான் என்று பள்ளிக்கூடத்தில் பெயரெடுத்தவன் இப்போது பாலர் வகுப்புப் பிள்ளை.

வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மே 27ஆம் திகதி பக்டரியில் தகடு வெட்டும் மெஷினுக்குள் அகப்பட்டேன். திரும்ப ஒட்டலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை என்றார். என்னோடு அறையில் இருக்கும் கேதீஸ்வரனும் அதே பக்டரிதான். அவன்தான் சமைக்கிறான், சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டிவிடுகிறான். முப்பத்துநான்கு வயதில் எனக்கு இது தேவையா?

ஒரேயொரு விஷயம் அக்கா. வதனிக்கு இது தெரியக் கூடாது. அவளையும் பிள்ளையையும் இங்கே கூப்பிடுவதற்கான கடதாசிகள் இப்போதுதான் கொழும்புக்குப் போயிருக்கின்றன. மாமாவை உங்களுக்குத் தெரியும். "கணக்கு வாத்தியார் அங்கை போய்த் தகரம் வெட்டுறாரோ?" என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த மனிசன். விரல் கதை காதில் விழுந்தால் மகளைப் படலை தாண்ட விடமாட்டார். வதனிக்கு வீட்டுக்காரரின் டைப்ரைட்டரில் இங்கிலீசில் எழுதி அனுப்புகிறேன். டைப்பிங் பழகுகிறேன் என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

நான் வெளிக்கிட்டபோது அனுஷாவுக்கு மூன்று வயது. இப்போது நாலரை. நானில்லாமல் அவள் இன்னும் எவ்வளவு வளரவேண்டும்?

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

தம்பி
எட்வின்

*

பரமட்டா
20 யூன் 1976

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினியிலேயே இருந்து அழுதேன். அத்தான் வேலையால் வந்து பார்த்துவிட்டு, ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

ஆனால் எட்வின், அழுது முடித்தபின் முழங்காலில் நின்றேன். மணிக்கட்டோடு போகாமல் காத்தாரே, அதற்கு முதலில் நன்றி சொன்னேன். நீயும் சொல்லு. வீட்டில் எங்களைப் பழக்கிய ஒழுங்கை நீ மறந்திருக்க மாட்டாய். முதலில் தோத்திரம், பிறகுதான் விண்ணப்பம். கேட்பதை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பவன் பிச்சைக்காரன், நன்றி சொல்லிவிட்டுக் கேட்பவன் பிள்ளை.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெபக்கூட்டம் நடக்கிறது. சிட்னியில் எண்ணி ஏழு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள், ஏழும் வரும். நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். இடது பக்கம் தோத்திரக் குறிப்புகள், வலது பக்கம் விண்ணப்பக் குறிப்புகள். ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்போம். மனதுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

நீ கேட்டபடி வதனிக்கு ஒரு வரியும் எழுத மாட்டேன். ஜெபத்தில் மட்டும் உன்னை நினைத்துக்கொள்கிறோம். காயத்தை நனைக்காதே. மீன் சாப்பிடாதே, சீழ் வைக்கும்.

அக்கா
பியற்றிஸ்

*

டண்டினொங்
2 ஆகஸ்ட் 1976

அக்காவுக்கு,

வதனியின் கடிதம் இன்றைக்கு வந்தது. நாலே நாலு வரி. முழுவதையும் எழுதுகிறேன், வாசியுங்கள்.

"ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் உங்களுக்காக ஜெபித்தார். அவுஸ்திரேலியாவில் இரண்டு விரல்களை இழந்து தவிக்கும் எங்கள் சகோதரன் எட்வின் நேசராஜா என்று சொன்னார். நான் மூன்றாவது வரிசை வாங்கில் பிள்ளையோடு இருந்தேன். எனக்கு முன்னமே போதகருக்குச் சொல்லவேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது?"

நான் யாருக்குச் சொன்னேன் அக்கா? உங்களுக்கு மட்டும்தான்.

கேதீஸ்வரன் என்னைத் துருவித் துருவிக் கேட்டு, நான் ரெலிபோனில் அத்தானைப் பிடித்து விசாரித்ததில் கதை வெளியே வந்தது. என் பெயரை உங்கள் குறிப்பேட்டின் வலது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை சத்தமாக வாசித்திருக்கிறீர்கள். புளோரன்ஸ் அன்ரி கண்ணீர் விட்டிருக்கிறா. கண்ணீர் காயமுதல் யாழ்ப்பாணத்திலிருக்கும் தன் தங்கைக்கு, நீயும் ஜெபித்துக்கொள் என்று எழுதியிருக்கிறா. தங்கை பெண்கள் சங்கத்தில் சொல்ல, சங்கம் போதகரிடம் சொல்ல, போதகர் பிரசங்க மேடையிலிருந்து பரலோகத்துக்குச் சொல்லியிருக்கிறார். இதில் ஒருவரும் பிழை செய்யவில்லை பாருங்கள். எல்லாரும் ஜெபிக்கத்தான் செய்தார்கள்.

மற்றதை ஊரில் என்னோடு படிப்பித்தவன் ஒருவன் எழுதியிருக்கிறான். அவள் எழுந்து வெளியே போகக்கூட முடியாமல் ஆராதனை முடியும்வரை இருந்திருக்கிறாள். முடிந்ததும் சனம் சுற்றி நின்று துக்கம் விசாரித்திருக்கிறது. மாமாவும் பக்கத்தில். இப்போது கொழும்புக்கு விசா மெடிக்கலுக்குப் போக விடமாட்டேன் என்று நிற்கிறாராம். மெடிக்கல் இல்லாமல் கடதாசி ஒரு அடி நகராது. இத்தனை மாதம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிச் சேர்த்த காரியத்தை ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்தில் ஜெபித்தே முடித்துவிட்டீர்கள்.

எட்வின்

*

பரமட்டா
9 ஆகஸ்ட் 1976

அன்பான தம்பி,

நீ எழுதியதை வாசித்தேன். புளோரன்ஸ் அன்ரியிடம் போய் முகத்துக்கு நேரே கேட்டேன். "நான் வம்புக்கு எழுதேல்லைப் பிள்ளை, பாரத்தோடை எழுதினனான்" என்கிறா. அவவிடம் என்ன சொல்ல?

நடந்ததற்கு என்னை மன்னித்துக்கொள். ஆனால் ஒன்றை நான் சொல்லத்தான் வேண்டும். முதற் பிழை உன்னுடையது. கட்டின மனிசியிடம் மறைத்தாய். டைப்பிங் பழகுகிறேனாம்! இது என்றைக்கோ ஒருநாள் அவளுக்குத் தெரியவரும் என்று யோசிக்கவில்லையா? பிளேனால் இறங்கி வருபவளிடம் கையை எங்கே ஒளிக்கப் பார்த்தாய்?

நான் உன்னை ஜெபத்துக்குத்தான் கொடுத்தேன். தெரு முழுக்கச் சொல்லவில்லை. ஏழு குடும்பம் உனக்காக முழங்காலில் நிற்கிறது. அது சின்ன விஷயமா?

நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். என்றாலும் சொல்கிறேன். இதற்கும் ஒரு தோத்திரம் சொல்லிப் பார். வாயைத் திறந்து சொல்லு. முதலில் பொய்போல இருக்கும், சொல்லச் சொல்ல மனம் இறங்கும். நான் கண்ட அனுபவம் இது.

அக்கா

*

டண்டினொங்
15 ஆகஸ்ட் 1976

அக்காவுக்கு,

சொல்லிப் பார்த்தேன். கீழே தருகிறேன், குறிப்பேட்டின் இடது பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சோற்றைக் குழைத்து வாயில் வைக்க முடியவில்லை, தோத்திரம். கரண்டியும் விழுகிறது, அதற்கும் தோத்திரம். பக்டரியில் என்னைக் கூட்டித் துடைக்கும் வேலையில் விட்டிருக்கிறார்கள். பத்து வருஷம் அட்சரகணிதம் படிப்பித்தவன் தும்புக்கட்டையோடு நிற்கிறேன், தோத்திரம். ஃபோர்மன் என் பெயரைச் சொல்லத் தெரியாமல் எட்டி என்கிறான். எட்டு விரல் இருப்பவனுக்கு அவன் வைத்த பெயர் பொருத்தம்தான் என்று கேதீஸ்வரன் சிரிக்கிறான், தோத்திரம். வதனி அதன்பிறகு எழுதவில்லை. மூன்று கடிதம் போட்டுவிட்டேன். தோத்திரம், தோத்திரம், தோத்திரம்.

மனம் இறங்கவில்லை அக்கா. சோகைபிடித்த மாட்டை ஓடு ஓடு என்று அடிப்பதுபோல இருக்கிறது நீங்கள் சொல்வது.

உங்களுக்கு இது சுலபம். அத்தானுக்கு நல்ல உத்தியோகம், சொந்த வீடு, சனிக்கிழமைக்குக் கேக்கும் தேத்தண்ணியும். பெற்ற பிள்ளையைப் பிரிந்திருப்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

என் பெயரைக் குறிப்பேட்டிலிருந்து வெட்டிவிடுங்கள். பென்சிலால் அல்ல, பேனையால். எனக்காக இனி ஒருவரும் முழங்காலில் நிற்க வேண்டாம்.

எட்வின்

*

பரமட்டா
24 அக்டோபர் 1976

தம்பி,

உன் பெயரை வெட்டிவிட்டேன். பேனையால்தான்.

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. கோபம் ஒரு கிழமையில் போய்விட்டது. மற்ற நாளெல்லாம் இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் கிழிப்பதுமாகப் போனது.

நானும் பெற்றவள்தான் எட்வின். 1973 செப்டெம்பர் மாதம், எட்டாம் மாதத்தில் பிறந்தாள். உயிரில்லை. தலை நிறைய மயிர். ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது. இந்த ஊருக்கு வந்து அப்போது எட்டு மாதம்தான்.

அம்மாவுக்கு எழுதும்போது, கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், தோத்திரம் என்று எழுதினேன். அம்மா அதை வந்தவர் போனவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினாவாம். "என்ரை பிள்ளையின்ரை விசுவாசத்தைப் பாருங்கோ" என்றாவாம். நீயும் கேட்டிருப்பாய். இவ்வளவு தைரியமாக எழுதுபவளுக்குப் பெரிய துக்கம் இராது என்று எல்லாரும் மறந்துவிட்டீர்கள். உன்னில் பிழையில்லை. மறக்கும்படிதான் நான் எழுதியிருந்தேன்.

சொல்லச் சொல்ல மனம் இறங்கும், என் அனுபவம் என்று எழுதினேனே, அது பொய். மூன்று வருஷமாக என் வாய் மட்டும்தான் ஜெபிக்கிறது. பாடுகிறேன், வாசிக்கிறேன், மற்றவர்களின் குறிப்புகளுக்குக் கண்ணீரோடு ஜெபிக்கிறேன். எல்லாரும் போனபின் கதிரைகளை அடுக்கும்போது, இன்றைக்கும் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று எனக்குத் தெரியும். என் பெயரை அந்தப் புத்தகத்தில் ஒரு நாளும் எழுதியதில்லை. கூட்டத்தை நடத்துகிறவள் வலது பக்கத்தில் இருக்கலாமா?

அப்படியிருக்க உன் கடிதம் வந்தது. வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு கஷ்டம் கிடைத்தது. அன்றைக்கு உன் பெயரை வாசித்துவிட்டு அழுதேன் பார், அடக்க முடியாமல் அழுதேன். எல்லாரும் தம்பிக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். பாதிதான் உனக்காக. இதை அத்தானுக்கும் நான் சொன்னதில்லை.

நான் உன் விரலைத் திருடி என் அழுகையை அழுதேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். இப்போது கேட்கிறேன்.

பியற்றிஸ்

*

டண்டினொங்
7 நவம்பர் 1976

அன்புள்ள அக்கா,

கடிதத்தை ரயிலில் வாசித்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி ஸ்டேசன் வரை போய்விட்டேன்.

என்ன நாக்கு அக்கா என்னுடையது. அந்த வரியை எழுதும்போதே உங்களுக்கு வலிக்கவேண்டும் என்றுதான் எழுதினேன். வேறு எங்கேயும் அடிக்க வழி தெரியாமல் பிள்ளையில்லாத இடத்தில் அடித்தேன். அம்மா வாசித்துக் காட்டிய கடிதம் எனக்கு ஞாபகம் வருகிறது. நான் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பந்து விளையாடப் போனேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒரு காரியம் நடந்தது. உங்கள் கடிதத்துக்குப் பிறகு மனம் ஒரு நிலையில் இல்லை. கேதீஸ்வரன் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றான். அன்றைக்கு ஓடிவந்து மெஷினின் சுவிட்சை நிற்பாட்டியவன் அவன்தான். இல்லாவிட்டால் முழங்கை வரை போயிருக்கும் என்று டொக்டரே சொன்னார். ஐந்து மாதமாக அவன் கையால் சாப்பிட்டுக்கொண்டு நான் அவனுக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. எங்கள் ஆம்பிளைகளுக்கு அது வராது, உங்களுக்குத் தெரியும். "மச்சான், அண்டைக்கு நீ நிப்பாட்டினதுக்கு நன்றியடா" என்றேன்.

"உனக்கென்ன விசரே? போய்க் கோப்பையைக் கழுவு" என்றான்.

கழுவிவிட்டு வந்து பார்த்தால் கத்தியை வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறான். "நான் பிந்திட்டனடா" என்றான். "நீ கத்தினவுடனை எனக்கு விளங்கேல்லை. ஒரு செக்கன் யோசிச்சனான். அந்த ஒரு செக்கன் இல்லாட்டி விரல் இருந்திருக்கும். நீ ஒண்டும் சொல்லாமல் இருக்கவும், அதைத்தான் மனசிலை வைச்சிருக்கிறாய் எண்டு நினைச்சன்."

ஐந்து மாதம் அக்கா! இந்த அறையில், அந்தக் கட்டிலில், அவன் அதோடு படுத்து எழும்பியிருக்கிறான். பொத்தான் பூட்டிவிட்டதெல்லாம் அதற்குத்தானா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனை நான் கட்டிப்பிடிக்கவில்லை, அப்படியெல்லாம் நாங்கள் பழகவில்லை. இரவு சோற்றை நான் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பிறகு கட்டிலில் இருந்து சொன்னேன். முழங்காலில் நிற்கவில்லை, பிடிவாதம். ஆண்டவரே, விரலுக்கு நான் நன்றி சொல்லமாட்டேன், அதைக் கேட்கவேண்டாம். கேதீஸ்வரனுக்கு நன்றி சொல்கிறேன். ஓடிவரும்போது அவன் முருகனைத்தான் கூப்பிட்டான். அதை நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் என் ஜெபம். மாசக்கணக்கில் பொய்யில்லாமல் சொன்னது அது ஒன்றுதான். நன்றாக நித்திரை வந்தது.

கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வதனியின் கடிதம் இன்னும் இல்லை. இந்தக் கோணல் எழுத்தில், தமிழில், நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். தும்புக்கட்டையையும் எழுதினேன். அவள் வராவிட்டால் நான் திரும்பிப் போகிறேன். இங்கே தனியாக இருந்து எதைச் சம்பாதிக்க?

தம்பி
எட்வின்

*

பரமட்டா
12 டிசெம்பர் 1976

அன்பான எட்வின்,

அத்தானுக்குச் சொன்னேன். பிறகு நேற்றைய கூட்டத்திலும் சொன்னேன். குறிப்பேட்டைத் திறக்கவில்லை. "எனக்கு ஒரு மகள் பிறந்தவள். அவள் போன நாள் தொட்டு நான் ஆண்டவரோடை கதைக்கேல்லை" என்றேன்.

ஏழு குடும்பமும் தரைவிரிப்பைப் பார்த்தபடி இருந்தது. இதைத்தான் இத்தனை காலமும் பயந்தேன் என்று நினைத்தேன். அப்போது புளோரன்ஸ் அன்ரி, அதே புளோரன்ஸ் அன்ரி, "பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீ?" என்று கேட்டா.

இதுவரை என்னை அதை ஒருவரும் கேட்டதில்லை தம்பி. பெயரே வைக்கவில்லை என்றேன். "அப்ப இப்ப வை. பேரில்லாமல் நாங்கள் என்னெண்டு அவளைச் சொல்லி ஜெபிக்கிறது?" என்றா. அத்தான்தான் சொன்னார். சுகந்தி என்று மனதுக்குள் வைத்திருந்தாராம், மூன்று வருஷமாக. எனக்குத் தெரியாது.

நான் ஜெபித்தேன். நீ சொன்னமாதிரித்தான், சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னேன். அந்த ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்தேனே, அதற்கு நன்றி. வேறொன்றும் வரவில்லை. ஏன் எடுத்தீர் என்று கேட்டேன். கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது.

புளோரன்ஸ் அன்ரியிடம் ஊருக்குக் கடிதம் எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கோ என்று கேட்டேன். வாயைப் பொத்திக்காட்டினா. பொறுத்துப் பார்ப்போம்.

வதனி எழுதினாளா? இந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு நாளும் தபாற்பெட்டியைத் திறக்கிறேன்.

அக்கா

*

டண்டினொங்
3 யூலை 1977

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை.

ஜனவரியில் அவள் எழுதிய கடிதத்தை உங்களுக்கு ரெலிபோனில் சொன்னேன். மாமாவுக்குச் சொல்லாமல் பிள்ளையோடு ரயிலேறிக் கொழும்புக்கு மெடிக்கலுக்குப் போனவள். பிறகு நாலு மாதம் அந்தக் கடதாசி, இந்தப் படம் என்று கந்தோர்காரர் இழுத்தடித்ததும் தெரியும். மற்றதைக் கேளுங்கள்.

விமான நிலையத்தில் கையை ஓவர்கோட் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். குளிர்தானே. அவள் நேரே வந்து பைக்குள் கையை விட்டு வெளியே எடுத்தாள். சனத்துக்கு நடுவில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நோகுதோ?" என்றாள். "குளிருக்கு நோகும்" என்றேன். "இனிமேல் நொந்தால் முதல் எனக்குச் சொல்ல வேணும். விளங்குதோ?" என்றாள். ஐந்து மாதம் எழுதாமல் இருந்ததற்கு அவள் சொன்னது அவ்வளவுதான். அனுஷா தாயின் சீலைக்குப் பின்னால் நின்று என்னை யாரோ பிறத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கேதீஸ்வரன் முதல்நாளே சாமானைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு மாறிவிட்டான். போகமுதல் மூன்று கறி சமைத்து வைத்துவிட்டுப் போனான்.

பின்னேரம் சாப்பிட இருந்தோம். மூன்று சோற்றுக் கோப்பை. ஊரில் சாப்பாட்டுக்கு முதல் நான்தானே ஜெபிப்பேன், வதனி பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். எனக்கு வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பழைய வசனங்கள் எல்லாம் நினைவில் இருந்தன. ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"அம்மா, இவருக்கு ஜெபிக்கத் தெரியாதோ?" என்று அனுஷா கேட்டாள். இவர் என்றாள் அக்கா, அப்பா என்று வரவில்லை.

வதனி கண்ணைத் திறக்காமல், "தெரியும். ஆண்டவரோடை கோவம். பொறு, வருவார்" என்றாள்.

அந்த மனிசி என்னை இவ்வளவு அறிந்து வைத்திருக்கிறாள், அவளிடம்தான் நான் ஒளித்தேன். "ஆண்டவரே, எனக்கு இன்னும் கோவம் இருக்கு. இவை ரண்டு பேரும் வந்து சேர்ந்திட்டினம்" என்றேன். அதற்குமேல் வசனம் வரவில்லை. மேசையில் கிடந்த என் வலது கையின் மேல் ஏதோ பட்டது. அனுஷா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு, விரல்கள் இல்லாத இடத்தில் தன் சின்னக் கையை வைத்திருந்தாள்.

"தோத்திரம் எண்டு சொல்லுங்கோ அப்பா. அப்பதான் முடியும்" என்றாள்.

சொன்னேன் அக்கா.

தம்பி
எட்வின்